அக்கா முணுமுணுக்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சண்டை என் அக்காவுக்கும் அவள் மகளுக்கும். நடுவர் நான். கதை எழுதுகிறவன் என்பதால் எப்போதும் சும்மாதான் இருப்பேன் என்பது இரு தரப்பின் எண்ணம்.

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். 'அத்தான் போன பிறகு அந்த வீட்டில் இசை...' (அடித்துவிட்டேன். சினிமா வாடை.) 'பழைய கம்ப்யூட்டர்களின் ஒலி சிப் என்பது...' (நானே கொட்டாவி விட்டேன்.) மிஞ்சியது, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

2

கல்யாணமான புதிதில் அத்தான் அக்காவுக்காக ஒரு மெட்டு அமைத்தார். அலுவலகக் கம்ப்யூட்டரில், மதிய இடைவேளைகளில், ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாகத் தட்டி. அந்த எண்களைக் கேசட்டில் பதிந்து கொண்டுவந்து (அப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கும் கேசட்தான்), வீட்டிலிருந்த அதே ரகக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். மெட்டின் நடுவே ஓர் இடம் வெறுமையாக வரும். கீழ்ச்சுரம் மட்டும் தாளம் தட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அக்கா தானாக ஒரு ராகத்தை முணுமுணுப்பாள். கை வேலையாக இருந்தாலும் சரி, அத்தானோடு பேச்சுவார்த்தை இல்லாத நாளானாலும் சரி.

போன வருடம் அத்தான் இறந்தார். சில மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டரும் உயிரை விட்டது. (இங்கே உருக்கமாக எழுத ஆசைதான். அக்கா படிப்பாள். வேண்டாம்.)

மகள் கேசட்டில் இருந்ததை லேப்டாப்புக்கு மாற்றி, பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓட்டினாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். நடுப்பகுதி வந்தது. முணுமுணுக்க வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள்.

"இது அவரோடது இல்லடி."

"அச்சு அசல் அதேதாம்மா. ஒரு இம்மி மாறல."

"நடுவுல யாரோ புகுந்து வாசிக்கிறாங்க. என்ன இருந்தாலும் போலி போலிதான்."

3

மகள் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். 'போலி' என்ற சொல் அவளைச் சுட்டுவிட்டது. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். செத்த கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள்.

அதிலிருந்த ஒலி சிப் மூன்று குரல்களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுர வரிசைகளை, மூன்று கம்பிக் கால்கள் வழியாக வெளியே அனுப்பும். மூன்றாவது கால் உடைந்திருந்தது; சிப் பொருத்தியிருந்த பலகையைத் தொடவே இல்லை.

ஆக, அத்தான் எழுதியது மூன்று குரல். வீட்டில் இத்தனை வருடமும் ஒலித்தது இரண்டு. நடுவே பாட வேண்டிய குரலை அக்கா கேட்டதே இல்லை.

எது அசல்? அவர் எழுதியதா, அவள் கேட்டதா? (இங்கே ஒரு பக்கக் கட்டுரை இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

முதல் வரைவில், 'அந்தக் கால் கட்டரால் சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தது' என்று எழுதினேன். மனைவி முணுமுணுப்பதற்காகத் தன் குரலையே வெட்டிய கணவன். எனக்கே கண் கலங்கியது. மகளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"மாமா, ஒடைஞ்சிருக்குன்னுதானே சொன்னேன். நறுக்கியிருக்குன்னு எப்ப சொன்னேன்?"

"கதைன்னா கண்ணு காது மூக்கு வைக்க வேணாமா?"

"எங்கப்பாவுக்கு அதெல்லாம் ஏற்கெனவே இருந்துச்சு மாமா."

'நறுக்கப்பட்டிருந்தது' என்பதை அடித்துவிட்டேன். ஆனாலும், அலுவலகத்தில் மூன்று குரலையும் கேட்டவர் அத்தான். வீட்டில் ஒன்று குறைவது முதல் நாளே தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்து ரேடியோக்களையெல்லாம் பழுதுபார்த்து, ஈயம் பற்றவைத்துக் கொடுத்தவர், இந்த ஒரு காலை மட்டும் கடைசிவரை பற்றவைக்கவில்லை. (சோம்பலாகவும் இருக்கலாம். அவர் வீட்டுக் குழாய் சொட்டியதும் எனக்குத் தெரியும்.)

5

அக்காவிடம் சொன்னோம்.

"அப்போ அவர் பாடுற இடத்துலதான் நான் இத்தனை நாளா பாடிட்டிருந்தேனா?"

"ஆமாக்கா."

"ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்." குறையாகத்தான் சொன்னாள். முகத்தில் பெருமை இருந்தது.

மகள் லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினாள். திரையில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கட்டம்.

"மூணாவதுல இருக்கற டிக்கை எடுத்துட்டா நம்ம வீட்டுல கேட்ட மாதிரியே ஆயிடும்மா. நீ பழையபடி முணுமுணுக்கலாம்."

முடிவு ஒன்று: அக்கா டிக்கை எடுக்கிறாள். அவள் ராகம் திரும்பி வருகிறது; அத்தானின் வாய் மறுபடி அடைபடுகிறது. முடிவு இரண்டு: எடுக்காமல் விடுகிறாள். முதன்முறையாகத் தன் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்கிறாள். இருவரும் சேர்ந்து பாடுவதாகவும் ஒன்று எழுதினேன். ஆனால் அவர் ராகம் வேறு, அவள் ராகம் வேறு. சேர்த்தால் இனிக்குமா, காதைக் குத்துமா என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் அக்கா. கதவைச் சாத்தினோம். உள்ளே மெட்டு தொடங்கியது. நடுப்பகுதி வருவதற்குள் மகளின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டேன்.

"மாமா, கதைக்கு முடிவு வேணாமா?"

"அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்டி. நடுவுல நாம எதுக்கு?"

நீங்கள் மட்டும் கதவருகிலேயே நிற்கிறீர்கள், தெரிகிறது. நின்று கேளுங்கள். கேட்டதை என்னிடம் சொல்லிவிடாதீர்கள்; நான் எழுதிவிடுவேன்.