கண்ணாடி ஓரத்து மணல்

"ஏன்க்கா, இந்தத் தொட்டியில ஒண்ணுமே இல்லையா?"

மீன் காட்சிக்கூடத்துக்கு வந்த சிறுமி ஒருத்தி கேட்டாள். தொட்டி துடைப்பவள் வாய் திறக்காமல் மணலைச் சுட்டிக்காட்டினாள். மணலுக்கு மேலே கடுகளவில் இரண்டு கண்கள், மற்றதெல்லாம் உள்ளே. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பாம்பு விலாங்கு. பார்த்தால் கடல்பாம்பு, விசாரித்தால் மீன்.

அந்தக் கேள்வி மேலாளர் காதிலும் விழுந்ததுதான் வினை. "ஒளிய இடமிருந்தா ஒளியத்தான் செய்யும்," என்று அன்றே மணலை அள்ளச் சொல்லி, கூழாங்கல்லைக் கொட்டவைத்தார்.

விலாங்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? வாலால் துளைத்து, பின்பக்கமாகவே மணலுக்குள் இறங்கும் பிராணி அது. கல் வழிவிடவில்லை. ஐந்து நாளாக மூலைக்கு மூலை குத்திப் பார்த்து வால் நுனி புண்ணாகிவிட்டது. இறாலைத் தொடவே இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கினா பெருசு," என்றாள் அங்கேயே மீன்களுக்கு இரை போடும், துடைப்பவளின் சித்தி. "அவர்கிட்ட போய்ச் சொல்லேன்."

"நீங்க சொல்லுங்க சித்தி."

"நான் சொன்னா சண்டையில முடியும். உனக்கு வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?"

துடைப்பவள் மேலாளர் அறை வாசல்வரை இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் கதவின் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலை, கூடம் திறக்கும் முன்பே வந்து, முன்கண்ணாடியை ஒட்டி நான்கு விரல் அகலத்துக்குக் கல்லை அள்ளி வாளியில் போட்டாள். அந்த இடத்தில் அலசிய பொடிமணலை ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பினாள்.

"கேக்காமலா செஞ்சே? வேலை போனா வீட்டுல எனக்குத்தான் அர்ச்சனை," என்றாள் சித்தி.

விலாங்கின் வால் மணலைத் தொட்டது. சற்று நின்றது. பிறகு ஊசிக்குப் பின்னால் நூல் போவதுபோல உடம்பு முழுவதும் இறங்கியது. பின்னால் கல் இருந்ததால் கண்ணாடியை ஒட்டியே கிடந்தது. பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"யாரு செஞ்சது இதை?"

மேலாளர் பின்னால் நின்றிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சார். மணல் இல்லாட்டி செத்துடும். இப்படி ஓரமா இருந்தா... உள்ள இருந்தாலும் எல்லாருக்கும் தெரியும்."

சித்தி சத்தமில்லாமல் ஓர் இறால் துண்டை இறக்கினாள். தலை மட்டும் நீண்டு, கவ்விக்கொண்டு, மறுபடி மணலுக்குள் அமிழ்ந்தது.

மேலாளர் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் பதியும்வரை குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, அவள் அள்ளிவைத்திருந்த கூழாங்கல் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே கொட்டப் போனார்.