பத்து மூட்டை மிளகு

பதினெட்டு வருடமாகக் கிராம நிர்வாக அலுவலர் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் வருமானத்தைக் கூட்டிச் சொன்னதில்லை. அடிவாரத்து ஊரில் அப்பாசாமி என்று ஒருவர். மாடி வீட்டு வாசலில் நின்ற புது டிராக்டரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, விவசாயத்தில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை, கஞ்சிக்கே திண்டாட்டம் என்றார். நான் டிராக்டரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வருடம் எழுபத்திரண்டாயிரம் என்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய பையன் கட்டணம் கட்டாமலே கல்லூரி முடித்துவிட்டான். நல்ல பையன்தான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் என் கையெழுத்தின் மேல்தான்.

அந்த அனுபவத்தோடு கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தேன். அதனால்தான் முதல் வாரமே முத்தன் சொன்னதை நம்பித் தொலைத்தேன்.

மலையின் ஒரு பகுதியான ஆலத்தூர் நாட்டில் மேட்டுக்காட்டு விவசாயி முத்தன். மனைவி குப்பாயி, ஒரே மகள் ஜெயசுதா. மகள் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கி, நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தாள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் அரசாங்கத்தின் பொறுப்பு. அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு என் விசாரணை வேண்டும். ஜூன் மாதம் மழை விட்ட ஒரு காலையில் முத்தனின் காட்டுக்குப் போனேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறிப் பச்சைப் பசேலென்று இருந்தது. போன தை மாசியில் விளைச்சல் எப்படி என்று கேட்டேன்.

"கொறைவில்லீங்க மணியாரே. மூட்டை மூட்டையா வந்துச்சுங்க" என்றார் முத்தன். இந்தப் பக்கத்தில் எங்களை இன்னும் பழைய பேரில் மணியகாரர் என்றுதான் அழைப்பார்கள்.

எத்தனை மூட்டை என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் பத்து என்றார். பக்கத்தில் நின்ற குப்பாயியும் ஆமாங்க என்று தலையாட்டினார். மூட்டைக்கு முப்பதாயிரம் என்று செல்போனில் பெருக்கிப் பார்த்தேன். மூன்று லட்சம். வருமானத்தை மறைக்காமல் சொல்ல உலகத்தில் ஒரு மனிதன் இருக்கிறானே என்று எனக்குப் பெரிய சந்தோஷம். அப்படியே எழுதி அனுப்பினேன். மேலிடத்தில் அப்படியே சான்றிதழும் ஆயிற்று. முத்தன் வீட்டார் கம்ப்யூட்டர் சென்டரில் அதைப் பிரதி எடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை ஜெயசுதா என் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் கோப்பு, கண் சிவந்திருந்தது. சேலத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று லட்சம் என்று போட்ட சான்றிதழைப் பார்த்துவிட்டு, இதற்கு இலவசம் கிடையாது, முழுக் கட்டணமும் கட்டு, இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு சான்றிதழ் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாதாம்.

உங்கள் அப்பா பத்து மூட்டை என்றாரே என்று கேட்டேன்.

"ரெண்டு மூட்டைதானுங்க சார். காட்டுல நின்னுக்கிட்டு எங்கப்பா கொறைன்னு வாயைத் தொறந்து சொல்ல மாட்டாருங்க. எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க."

அப்புறம் விளக்கமாகச் சொன்னாள். அவர்களுடைய ஊரில் மண்ணின் மேல் நின்று விளைச்சலைக் குறைத்துப் பேசக் கூடாது. மண் கேட்டுக்கொண்டே இருக்கும். நீ எவ்வளவு என்று சொல்கிறாயோ, அடுத்த வருடம் அவ்வளவுதான் தரும். அதனால் கேட்கிறவர் யாராக இருந்தாலும் குறைவில்லை என்பதுதான் பதில். உள்ளூரில் எல்லோருக்கும் இது தெரியும். பத்து மூட்டை என்றால் இரண்டோ மூன்றோ என்று அவர்களே கழித்துக்கொள்வார்கள். கழிக்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் மேல் இல்லை, அவள் அப்பா மேல். மகள் படிப்பு போகப் போகிறது, அங்கே மண்ணுக்கு முகஸ்துதியா? அப்படியே கொஞ்சம் அப்பாசாமி மேலும். டிராக்டரை வைத்துக்கொண்டு கஞ்சி என்றவருக்குப் படிப்பு இலவசம், இரண்டு மூட்டையைப் பத்து என்றவருக்குக் கட்டணம். இரண்டையும் எழுதியது ஒரே பேனா.

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பழைய சான்றிதழை ரத்து செய்யலாம், ஆனால் குடும்பத் தலைவரே தன் வாயால் உண்மை வருமானத்தைச் சொல்லி, அதை நான் வாக்குமூலமாக எழுதி, அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இதுல என்னங்க பெரிய சிரமம் என்று அந்தப் பக்கம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை முத்தன் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. விஷயத்தை எடுத்துச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எத்தனை மூட்டை, உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே யாரோ ஒருவரின் மரவள்ளிக் காடு. இது அலுவலகம், உங்கள் காடு இல்லை என்றேன். மலை முழுக்க ஒரே மண்தானே என்றார் மெதுவாக. சரி, பேச வேண்டாம், நானே எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். எழுதினாலும் சொன்ன மாதிரிதானுங்களே என்று கையைக் கட்டிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகள் முக்கியமா, மண்ணு முக்கியமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். முத்தனின் கண் கலங்கிவிட்டது. "கொறைன்னு சொன்னா ரெண்டும் இல்லாமப் போயிருமுங்க" என்றார். அவருக்கு இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். இரண்டு மூட்டை தருகிற காட்டை வைத்துக்கொண்டு, அதுவும் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அது புரிந்ததும் என் கோபம் வடிந்து, என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அப்போது கதவருகில் நின்றிருந்த ஜெயசுதா, "கீழ போயிரலாமுங்களா சார்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். மலை இறங்கிவிட்டால் இந்த மண் இல்லையே. காரவள்ளி அடிவாரத்தில் வைத்துக் கேட்டால் அப்பா சொல்லுவார். முத்தன் அவளைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, அதில் தப்பில்லைங்க என்றார். அவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் இறங்கினோம். எழுபது வளைவு. எனக்கு நாற்பதாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். முத்தன் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காரவள்ளியில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். முத்தன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் காகிதத்தை எடுத்தேன்.

"ரெண்டு மூட்டைங்க" என்றார். "அதுலயும் ஒண்ணு காயப் போட்ட எடத்துல மழையில பூசணம் பூத்துப் போச்சுங்க. வித்தது ஒண்ணுதான்."

எழுதினேன். இரண்டு மூட்டை என்று மகள் சொன்னதே ஒரு மூட்டை அதிகம். மரவள்ளி எப்படி என்று கேட்டேன். பாதியைப் பன்றி தோண்டிவிட்டது, மீதியைக் கிழங்கு மில்லுக்கு ஏற்றிவிட்டதில் லாரி வாடகை போக மிஞ்சியது சொற்பம் என்றார். ஒரு வருடம் இல்லை, மூன்று வருடமாகவே இப்படித்தான் என்றார். மடை திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஒரு அரசாங்கக் காகிதத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எப்படிக் குடும்பம் நடக்கிறது என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்வி உண்டு, நானாகக் கேட்கவில்லை.

முத்தன் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ராசிபுரத்துல கட்டட வேலைங்க. வாரத்துக்கு ரெண்டு நாள். ஊட்ல மொளகு விக்கப் போறேன்னுதான் சொல்லீட்டு வாரேன்."

ஜெயசுதா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. மூன்று வருடமாக வாரா வாரம் அப்பா மிளகுப் பையோடு பஸ் ஏறுவார், மறுநாள் சாயங்காலம் மிக்சர் பொட்டலத்தோடு வந்து, மிளகு நல்ல விலைக்குப் போயிற்று என்பார். இரண்டு மூட்டை மிளகை வருடம் முழுக்க வாரா வாரம் எப்படி விற்க முடியும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, குப்பாயிக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் மலையில் வைத்து அதைக் கேட்க முடியாது. கேட்டால் குறைவில்லை என்றுதானே பதில் வரும்.

அவள் எழுந்துபோய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். சிமெண்ட் தின்ற கை எனக்கு நன்றாகத் தெரியும். என் சொந்த ஊரான புளியஞ்சோலையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் கைதான். மிளகு பறித்தால் அப்படி வெடிக்காது. "மொளகுக் காரம் பட்டுச்சுன்னீங்களேப்பா" என்றாள். முத்தன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை. நான் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை.

மிளகு, மரவள்ளி, கட்டட வேலைக் கூலி எல்லாவற்றையும் கூட்டினேன். ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை கை தானாக எழுதவில்லை, ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். முத்தன் ஜெயசுதாவைப் படித்துக் காட்டச் சொன்னார். அவள் முழுவதும் படித்தாள். கட்டட வேலை என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, அப்பாவைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். விசாரணை நடந்த இடம் என்ற கட்டத்தில் காரவள்ளி அடிவாரம் என்று எழுதினேன்.

அன்று மத்தியானமே வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஏன் முருகானந்தம், மலை விவசாயியை எதற்குக் கீழே வைத்து விசாரித்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் அங்கே வைத்துத்தாங்க உண்மை பேசுவார் என்றேன். சரி, அனுப்புங்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் புதுச் சான்றிதழ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் ஜெயசுதா அதைக் கல்லூரியில் கொடுத்துச் சேர்ந்துவிட்டாள்.

தை பிறந்ததும் பயிர்க் கணக்கு எழுத மறுபடி அந்தக் காட்டுக்குப் போனேன். மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. முத்தன் ஒற்றை மூங்கில் ஏணியில் மரத்து உச்சியில் இருந்தார். குப்பாயி வீட்டுப் பக்கம் பாய் விரித்துக்கொண்டிருந்தார். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த ஜெயசுதா கீழே துணி விரித்து, விழுகிற மிளகுச் சரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். துணியில் பாதிகூட நிறையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. வேலை வேலைதானே, கேட்டேன். இந்த வருடம் விளைச்சல் எப்படி?

ஏணி மேலிருந்து பதில் வருமுன் ஜெயசுதா நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"கொறைவில்லீங்க சார். மூட்டை மூட்டையா வருமுங்க."

நல்லதும்மா என்றேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். கீழே போய் எழுதிக்கொள்ளலாம். அவள் ஒரு சரத்தை எடுத்துத் துணியில் போட்டுவிட்டு, மரத்து உச்சியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, நாளைக்கு நான் காலேஜுக்குக் கெளம்பறேன். காரவள்ளி வரைக்கும் கூட வாங்க. டீ குடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் பேசலாம்."

மேலே கொடி அசைவது நின்றது. ஒரு சரம் விழுந்தது. முத்தன், "வாரேன் கண்ணு" என்றார்.