நல்லா நடிச்சிராத

கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவளைப் போல நிற்பதற்குப் பஞ்சவர்ணம் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். கூட நடித்த மற்றப் பெண்களுக்கு அது தானாகவே வந்தது. அவர்கள் துப்பட்டா நுனியை முறுக்கினார்கள், வசனம் மறந்தால் நாக்கைக் கடித்துச் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் அதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத் தானும் செய்தாள். தோள் தானாக நிமிரும். இழுத்துக் கீழே இறக்குவாள். குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பும். தொண்டையிலேயே பிடித்து நசுக்குவாள்.

"தங்கச்சி, நீங்கள் இப்ப நியூயோர்க் தெருவில நிக்கிறீங்கள்" என்றார் நாகலிங்கம். "மழை பெய்யுது. உங்கட பேரை எழுதின லைட்டுகளை ஒவ்வொண்டாக் கழட்டுறாங்கள். நீங்கள் என்னெண்டால் பஸ்சுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்கள். கொஞ்சம் உணர்ச்சி வேணும்."

"சரிங்க சார்" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

குவைத்தில், மங்காஃபில் பஞ்சவர்ணத்தின் குடும்பம் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய அறையில்தான் தமிழ்ச் சங்கத்து ஒத்திகை. நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவள் புருஷன் பாண்டித்துரை ஃபோர்மேனாக இருக்கும் கம்பெனியில்தான் அவர் கணக்குப் பிரிவு மேலாளர், அந்த வருஷம் சங்கத் தலைவரும்கூட. வருஷா வருஷம் ஆண்டு விழாவில் புருஷன் பெண்டாட்டி சண்டையையே நகைச்சுவை என்று போடுகிறார்களே என்று அவருக்கு வெகுநாள் மனத்தாங்கல். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க நாடக மேடையைப் பற்றி இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்து, ஹேசல் என்று ஒரு நடிகையைக் கற்பனை செய்து, தானே நாடகம் எழுதிவிட்டார். பருத்தி ஆலைத் தொழிலாளியின் மகள் ஹேசல் ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனியில் சேர்ந்து, பிராட்வே என்கிற தெருவுக்கு வந்து, தன் பெயரை மின்விளக்கில் எரியவிட்டவள். பிறகு ஒரு கோடீஸ்வரன் வந்து, இனிமேல் மேடை ஏறக் கூடாது என்ற நிபந்தனையோடு கட்டிக்கொள்கிறான். சில வருஷத்தில் அவனை உதறிவிட்டு அவள் திரும்பி வந்தால் பிராட்வே அவளை அடையாளம் கண்டுகொள்வதில்லை.

நல்ல கதைதான். ஆனால் விவாகரத்தான நாடகக்காரியாக நடிக்க எந்த வீட்டுப் பெண்ணும் முன்வரவில்லை. டாக்டர் வீட்டம்மா மாமியார் பெயரைச் சொல்லி நழுவினார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நாலு பேர் கூடியிருந்த இடத்தில் நாகலிங்கம் பாண்டித்துரையின் தோளில் கைபோட்டார். "உங்கட மிசஸ் வர்ணாவைக் கேட்டால் என்ன? குரல் நல்ல கணீரெண்டு இருக்கு" என்றார். பாண்டித்துரைக்கு முகம் செத்துவிட்டது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அதை வெளியே சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அத்தனை வருஷமாகப் பெண்டாட்டியை வர்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காரையூர் பஞ்சவர்ணம் என்று நோட்டீசில் போட்டால் புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக் கூட்டம் இரண்டு மடங்காகும் என்ற காலம் ஒன்று இருந்தது. மேடை நாடகத்தில் ஸ்திரீபார்ட், கதாநாயகி வேஷம். ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் விடிந்துதான் இறங்குவாள். அவளுக்கு இருபத்திரண்டு வயதில், லீவில் வந்திருந்த பாண்டித்துரை முதல் வரிசையில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தார். பார்த்ததோடு விடாமல் மேடையேறி ஒரு குவைத் தினார் நோட்டை நீட்டினார். அது என்ன நோட்டு, எவ்வளவு பெறும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வழக்கப்படி ஆட்டத்தை நிறுத்தி, பெயர் கேட்டு, மைக்கில் சொன்னாள். "குவைத் நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும் அண்ணன் பாண்டித்துரை அவர்கள் அன்பளிப்பு." அண்ணன் என்று சொன்னவளையே அடுத்த மாசம் பெண் கேட்டு வந்தார். நாடகத்தை விட்டுவிட வேண்டும், அங்கே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்பது பேச்சு. அவளும் சரி என்றாள். தூக்கமில்லாத உடம்புக்கு அப்போது அது வரமாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கூத்தாடி பெண்டாட்டி என்று தொழிலாளர் கேம்ப் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் பேசிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

நாகலிங்கம் கேட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பாண்டித்துரை சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மாட்டேன்னு சொல்லிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"என்னன்னு சொல்லச் சொல்ற? அந்த மனுசன் நாலு பேருக்கு முன்னால கேட்டுப்புட்டாரு." ஜன்னல் திரையை இழுத்து மூடினார். "நடி. ஆனா நல்லா நடிச்சிராத. மத்த பொம்பளைக மாதிரி நடி, போதும். மக பானுவுக்கும் தெரிய வேண்டாம்."

அன்றிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. அடுப்பில் குழம்பு வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். துணி மடிக்கிற கை பாதியில் அந்தரத்தில் நிற்கும். லிஃப்டுக்குள் தனியாக இருக்கும்போது குரலை ஒருமுறை ஏற்றிப் பார்ப்பாள். அந்தத் தகரப் பெட்டி அதிர்வதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொள்வாள். பதினோரு வயது பானுப்பிரியா, "ம்மா, வொய் ஆர் யூ வாக்கிங் அப் அண்ட் டவுன்?" என்பாள். "சும்மாதான்டி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு நடை நடப்பாள்.

ஹேசலை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரே நாடகத்தை, ஒரே வசனத்தை, ஒரே ஆட்களோடு இருநூறு ராத்திரி நடித்தாளாம். இவளுக்கு அப்படியில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவான், பபூன் வேறோர் ஊரிலிருந்து. அரிதாரம் பூசும் இடத்தில்தான் முகத்தையே பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. அவன் ஒன்று கேட்பான், இவள் ஒன்பது சொல்லுவாள், தர்க்கம் விடியும்வரை போகும். விடியற்காலம் கூட்டம் துண்டை உதறிக்கொண்டு எழும் பாருங்கள், அதை மறுபடி உட்கார வைப்பதுதான் ஸ்திரீபார்ட்டின் கெட்டிக்காரத்தனம். அது தெரியாதவளுக்கு அடுத்த வருஷம் அந்த ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு இல்லை. எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு விளக்கில் பெயர் எரியவிட்டுக்கொண்ட ஹேசலுக்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் தெருவில் நின்று அழுதிருப்பாளா?

ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் அவள் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தாள்.

ஆண்டு விழா ஃபஹாஹீலில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. குளிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலை. முன்வரிசைகளில் குடும்பங்கள், பின்னால் கேம்ப்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த ஆட்கள். அவர்கள் பிரியாணிக்கும் பாட்டுக்கும் வந்தவர்கள், நாடகத்துக்கு வந்தவர்கள் அல்லர். பாண்டித்துரை கமிட்டி பேட்ஜைக் குத்திக்கொண்டு முதல் வரிசையில் பானுவோடு உட்கார்ந்திருந்தார்.

புருஷன் சொன்ன சொல்லைப் பஞ்சவர்ணம் தட்டவில்லை. முதல் காட்சியில் கையைப் பிசைந்தாள். கல்யாணக் காட்சியில் ஒரு வசனத்தை வேண்டுமென்றே விழுங்கினாள். டாக்டர் வீட்டம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பாண்டித்துரையின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத்தான் காந்தியது. மேடையில் நின்றுகொண்டு மோசமாக நடிப்பது, பெற்ற பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் யாரோ என்று சொல்வதைப் போலிருந்தது.

கடைசிக் காட்சி. அட்டையில் வெட்டிய கட்டடங்கள், மேலே சிவப்புப் பல்புகளில் ஹேசலின் பெயர். கறுப்பு கவுனில் அவள் தெருவில் நிற்கிறாள். முதல் வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது வெளியே கேம்புக்குத் திரும்பும் பஸ் ஹார்ன் அடித்தது.

பின்வரிசை எழுந்தது. ஒருவர் இருவர் அல்ல, மொத்தமாக. நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம். தோளில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனைத் தட்டி எழுப்பிக்கொண்டு, அவர்கள் முதுகைக் காட்டினார்கள்.

பஞ்சவர்ணத்துக்குக் காதில் என்னவோ அடைத்தது. முதுகுகள்! அவள் ஒத்திகையில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைத் தாண்டி மேடையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். எப்போது வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"எங்கெ எந்திரிச்சீக எல்லாரும்?"

மைக்கைத் தாண்டிக்கொண்டு போயிற்று குரல். வாசல்வரை போயிருந்தவர்கள் நின்றார்கள்.

"நீலச்சட்டை அண்ணே, உங்களைத்தான். பஸ்சு நிக்கும், டிரைவரும் மனுசன்தான். இந்த ரோட்டுல இத்தனை பேரு போறீக, வாரீக. ஒருத்தருக்காச்சும் நான் யாருன்னு தெரியலையா? மேல பாருங்க, என் பேரைக் கழட்டுறான். கழட்டி முடிக்கிற வரைக்குமாச்சும் உக்காந்து பாத்துட்டுப் போகக் கூடாதா?"

எங்கோ ஒரு சிரிப்பு, ஒரு விசில். நீலச்சட்டைக்காரர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மளமளவென்று மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். திரை மறைவில் நாகலிங்கம், "வசனம், தங்கச்சி, வசனம்!" என்று பதறினார். அவள் வசனத்துக்குத்தான் வந்தாள். 'ஊரெல்லாம் அறிந்த என்னை ஊமையாக்கியது யார்?' என்று அவர் எழுதியிருந்ததை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல், விருத்தமாக இழுத்தாள். கீபோர்டுக்காரர் சுருதியைத் தேடித் தடவிப் பிடிப்பதற்குள் அவள் மேலே போய்விட்டாள். கை இரண்டும் தாமாகவே தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உடம்பு முழுவதும் ஒரு பதற்றம் இறங்குவது தெரிந்தது, இத்தனை வருஷம் நடந்த நடையெல்லாம் இங்கே வந்து சேருவதற்காகத்தான் போல. வாசலில் பஸ் டிரைவரே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாகலிங்கம் நாடகப் பிரதியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர் நடுவழியே வேகமாக வந்தார். நரைத்த மீசை, தேய்ந்த செருப்பு. முன்வரிசைக்காரர்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் மேடைப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கையில் ஒரு தினார் நோட்டு. மேல் பொத்தானுக்குப் பதிலாகத் தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, நோட்டோடு சேர்த்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"காரையூர் பஞ்சவர்ணம்தானம்மா நீங்க?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ஆலவயல் பொன்னுச்சாமிங்க. எங்க மாரியம்மன் கோயில்ல நீங்க ஆடுன அன்னைக்கு நான் வந்து நோட்டு குத்துனேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இங்க பாண்டித்துரை ஃபோர்மேன் கேங்குல இருக்கேன். எப்படித்தான் இந்த ஊருக்கு வந்தீகளோ, மகராசி!"

மைக் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் அரங்கம் முழுக்கச் சொல்லிவிட்டது.

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். பானு வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். பாண்டித்துரை அசையாமல், மடியில் கைகோத்து, சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார். டாக்டர் வீட்டம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தார். பஞ்சவர்ணத்துக்குப் பாவமாக இருந்தது. அந்த மனுசனைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. இப்போதும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. இவர் ஆளை மாற்றி நினைத்துக்கொண்டார் என்று சிரித்துவிடலாம். நோட்டைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். பொன்னுச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போய்விடுவார். நாளைக்கு அடுப்பும் பால்கனியும் லிஃப்டும் அப்படியே இருக்கும்.

பொன்னுச்சாமி இன்னும் இறங்கவில்லை. பெயரைச் சொல்லுவாள் என்று நம்பி, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அவள் நோட்டைக் கவுனின் தோளில் வைத்து ஊக்கைக் குத்தினாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"புதுக்கோட்டை மாவட்டம், ஆலவயல் கிராமத்தைச் சேர்ந்த அருமை அண்ணன் பொன்னுச்சாமி அவர்கள், கலையையும் கலைஞரையும் மதித்து, காரையூர் பஞ்சவர்ணமாகிய எனக்கு அன்போடு அளித்த இந்த அன்பளிப்பை ஆயிரம் பொன்னாக ஏற்று, அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் என் நன்றியையும் வணக்கத்தையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

பின்வரிசையில் கைதட்டல் வெடித்தது. முன்வரிசையில் யாரும் தட்டவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பானு மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பொன்னுச்சாமி தலைக்கு மேலே கும்பிட்டுக்கொண்டே இறங்கினார்.

அப்போது பாண்டித்துரை எழுந்தார்.

கைதட்டல் தேய்ந்து அடங்கியது. அவர் நின்ற இடத்திலிருந்து வலப்பக்கம் போனால் வெளியே போகும் கதவு, இடப்பக்கம் போனால் மேடைப் படி. பானு அவருடைய சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். அவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. வலது கை மெல்ல நெஞ்சுக்குப் போய், பேட்ஜுக்குக் கீழே, சட்டைப் பையின் மேல் நின்றது. பேட்ஜைக் கழற்றப் போகிறாரா, நோட்டெடுக்கப் பையைத் துழாவப் போகிறாரா என்று மேடையிலிருந்து தெரியவில்லை.

எழுந்த ஊரையே உட்கார வைத்தவளுக்கு இந்த ஒற்றை ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும், மேடையில் நிற்பவள் வாயைச் சும்மா வைத்திருக்கக் கூடாது.

"அடுத்ததாக..." என்றாள் மைக்கில்.

ஏசி காற்றில் தோளில் குத்திய நோட்டு படபடத்துக்கொண்டிருந்தது. அதைக் கையால் அமர்த்திப் பிடித்தபடி, பெயருக்காக அவள் காத்திருந்தாள்.