தகுந்த பாதுகாப்பு

கறிபாப் பலகாரத்தின் எண்ணெய் அந்தப் பிரதிநிதியின் மோவாயில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்காமலே பேசினார். தேவதாஸ் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து நாலு வருஷம். இந்த நாட்டையும் சேர்த்து அக்கம்பக்கத்துச் சின்ன நாடுகள் மூன்று கைகோத்து ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தன. அதன் பிரதிநிதிகள் மலாக்காவுக்கு வந்திருந்தார்கள். சாயங்காலம் காஜா பெராங் திடலில் பொதுக்கூட்டம். அவர்கள் இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் தேவதாஸ். அதற்கு முன்னால் விருந்தினர் மாளிகையில் இந்தத் தேநீர்.

"ஏழை நாடுகளின் நட்பு இது, ராணுவ வாடையே கிடையாது" என்று காலையில் பத்திரிகைக்காரர்களிடம் சத்தியம் பண்ணிய வாய், இப்போது பட்டாள முகாமின் வெள்ளைக்காரக் கர்னலிடம் குழைந்தது. தனித்தனியாக வந்தால் எங்களை யார் மதிப்பார்கள், மூவரும் சேர்ந்தே வருகிறோம், உங்கள் ராணுவக் கூட்டணியில் ஓரமாக இடம் கொடுங்கள். பீரங்கி சுட்டுப் பழக இடம் போதவில்லையா? முகாமுக்குப் பக்கத்து மேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"அங்கே ஆட்கள் இருக்கிறார்களே?" என்றான் கர்னல்.

"கூலிகள்தான். நகர்த்திவிடலாம்."

சிரித்தார்கள். சுற்றி நின்ற உள்ளூர்க்காரர்களும் சிரித்தார்கள். தேவதாஸ் சிரிக்கவில்லை. அந்த மேட்டில்தான் அவருடைய தங்கை சீதா, புருஷன் பூங்காவனத்தோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள்.

திடலுக்குப் போகிற காரில் மேலதிகாரி ராஜரத்தினம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தேநீர் மேசையில கேட்டது தேநீரோட போச்சு, தேவதாஸ். வேலை முக்கியம் பாருங்க."

திடல் வாசலில் பூங்காவனம் சைக்கிளோடு காத்திருந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மச்சான், புக்கிட் பாருல ஒரு துண்டு நெலம்னு சொன்னேன்ல? நெலத்துக்காரத் தவுக்கே இன்னிக்கே பதில் கேக்குறான். வேற ஆளு ரெடியா நிக்குதாம். மேட்டுக்குப் பட்டாளம் வரும்னா வாங்கிப் போட்டுர்றேன். வராதுன்னா எதுக்கு? சீதா அங்கேர்ந்து நகர மாட்டேங்குறா."

"கூட்டத்துல கேளு, மாப்ள."

"அதான் சரி. வெள்ளக்காரன் பாஷ எனக்கு என்னா தெரியும்? உங்க வாயால வந்தா போதும்."

முதுகில் ராஜரத்தினத்தின் பார்வை குத்தியது. தேவதாஸ் மேடையேறினார்.

பிரதிநிதி முழங்கினார். சகோதரத்துவம் என்றார், சமாதானம் என்றார். தேவதாஸ் தமிழில் ஒப்பித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு வார்த்தையும் யாரோ மென்று துப்பியதை மறுபடி மெல்வது மாதிரி இருந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து செட்டி கம்போங் கிராமத்து ஆசாமி ஒருவர் மலாய் கலந்து குரல் விட்டார்: "செகுத்துவா, குத்துவா?" முன்னது கூட்டாளி, பின்னது பேன். திடலே குலுங்கிச் சிரித்தது. மலாய் தெரியாத பிரதிநிதி, தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் பூங்காவனம் எழுந்தான்.

"ஐயா, முகாம் பக்கத்து மேட்ட எடுப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

தேவதாஸ் அதை இங்கிலீஷில் சொன்னார். பிரதிநிதி கண்ணை மூடிப் பதில் சொன்னார். தகுந்த பரிசீலனையின்றி யாரையும் அசைக்க மாட்டோம். அவ்வளவுதான். அந்த முதல் இரண்டு வார்த்தைக்குள் ஒரு பீரங்கிப் படையே ஒளிந்திருந்தது. அதை அப்படியே சொன்னால் போதும். பூங்காவனம் முட்டாள் இல்லை, புரிந்துகொள்வான்.

"தகுந்த..." என்று தொடங்கினார் தேவதாஸ்.

முன்வரிசையில் ராஜரத்தினத்தின் ஷூ தரையைத் தட்டுவது நின்றது.

"தகுந்த... தகுந்த பாதுகாப்பு உண்டு. யாரையும் அசைக்க மாட்டோம்."

தன் வாயா அது? கைதட்டல் வெடித்தது. எல்லோருக்கும் மேலே கையைத் தூக்கித் தட்டினான் பூங்காவனம்.

கூட்டம் கலைந்தது. "சுத்தமா சொன்னீங்க" என்று தோளில் கை போட்டார் ராஜரத்தினம். அந்தக் கை ஈரமாக இருந்தது. அதை உதறிவிட்டு இறங்கி ஓடினார் தேவதாஸ். எதிர்ச்சாரியில், சைக்கிள் கேரியரில் எதையோ கட்டிக்கொண்டிருந்தான் பூங்காவனம். பால் டின்னில் வைத்த டுரியான் கன்று.

"மாப்ள, அந்த நெலம்..."

"கூட்டத்துக்கு வந்த தவுக்கேகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன் மச்சான்! கூட நின்ன அந்த வேற ஆளு அங்கயே கைய குடுத்து வாங்கி முடிச்சிட்டான். சனியன் விட்டுச்சு. இத பாருங்க, வாசல்ல வைக்கலாம்னு. காய்க்க எட்டு வருஷம் ஆவுமாம். முத பழம் உங்களுக்குத்தான்."

தேவதாஸ் டின்னைக் கேரியரில் நேராக வைத்துப் பிடித்தார்.

"வர்றேன் மச்சான், சீதா பாத்துக்கிட்டு இருப்பா."

சைக்கிள் கிளம்பியது. ஒரு கையால் ஹாண்டிலையும், மறு கையைப் பின்னால் நீட்டிக் கன்றையும் பிடித்தபடி அவன் போனான். பட்டாள லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவனை ஒட்டிக் கடந்தது. புழுதிக்குள் நாலைந்து இலைகள் மட்டும் ஆடித் தெரிந்தன.

தேவதாஸ் கைக்குட்டையை எடுத்து மோவாயைத் துடைத்தார். எண்ணெய் எதுவும் இல்லை. மறுபடியும் துடைத்தார்.