யாருக்கு நேர்ந்த கிடாய்

எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்குச் சௌந்திரத்தின் அண்ணன் சின்னண்ணனும் தம்பி வெள்ளியங்கிரியும் எதிரெதிராக நின்றார்கள். அண்ணன் தோற்றால் தாங்கமாட்டான், தம்பி பொறுத்துக்கொள்வான் என்று அண்ணனுக்காக மாரியம்மனுக்குக் கிடாய் நேர்ந்தாள் சௌந்திரம். சாமியிடம் போய் இதையெல்லாமா கேட்பார்கள்? கேட்டாள். எருமப்பட்டிச் சந்தையில் வாங்கியிருக்கலாம். பிறந்த வீட்டுப் பட்டியில் வளர்ந்ததுதான் ஆத்தாளுக்கு ஆகும் என்று தம்பியிடமே போய் நின்றாள்.

"ஒரு வேண்டுதல் சாமி" என்றதும் அவன் சிரித்துக்கொண்டே, பட்டியில் இருப்பதிலேயே நல்லதை அவிழ்த்துக் கொடுத்தான்.

அண்ணன் ஜெயித்தான். தம்பி அப்புறம் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

வெட்டுகிற நாளில் கிடாய்மேல் மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் ஆத்தாள் சம்மதித்ததாக அர்த்தம். குடம் குடமாக ஊற்றியும் பாழாய்ப்போன கிடாய் அசையவில்லை.

"பங்காளிக எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்றார் பூசாரி.

சௌந்திரம்தான் ஓடிப்போய்த் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் கிடாயின் நெற்றியைத் தடவினான். அது சிலிர்த்து உதறியது. மேளம் முழங்கியது.

"எனக்கு வேண்டிக்கறீங்கன்னு நெனச்சுத்தானுங்கக்கா குடுத்தேன்" என்றான் வெள்ளியங்கிரி.