நோய் காணாத ரத்தம்

அந்தத் தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைப் பஞ்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, "ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். ஊரையே புரட்டிப்போட்ட காய்ச்சல் தன்னை மட்டும் தொடவில்லை என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒப்பிட்டுப் பார்க்க நோயும் வராத, தடுப்பூசியும் போடாத ஒருவரின் ரத்தம் வேண்டும் என்றபோது, வெளியே அலைவானேன் என்று, மாதாமாதம் ஐந்தாம் தேதி தன் கையிலேயே ஊசி குத்திக்கொண்டாள். அதற்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் எதிர்ப்புச் சக்தியை மெஷின் அளந்து, பஞ்சக்காவின் எண்ணை அதிலிருந்து கழித்துவிடும். கழித்தது எவ்வளவு என்று ஒருவரும் பார்த்ததில்லை.

காய்ச்சல் வந்தது அவள் கணவருக்கு. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, எந்த மலை, எந்த மாதம் பறித்தது என்று சொல்லிவிடுவார். காய்ச்சல் போகும்போது மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டு வருஷமாக அதே கம்பெனி வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார். வீட்டில் டீ கொடுத்து எப்படி என்று கேட்டால், "சூடா இருக்கு" என்பார்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்காம சீட்டாடப் போனார். வாங்கிக்கிட்டு வந்தார்." இதைப் பஞ்சக்கா நாத்தனாரிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், ரத்தம் கொடுக்க வந்தவர்களிடமும் சொன்னாள். அவர் மறுத்துப் பேசியதில்லை. சீட்டுக்கட்டை அதற்குப் பிறகு தொட்டதுமில்லை.

போன வாரம் மெஷின் படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவர், கழிப்பதற்கு முந்தைய எண்களும் திரையில் தெரியும்படி வைத்துவிட்டுப் போனார். பஞ்சக்காவின் எண் பாதிப் பேருடையதைவிட அதிகம். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அக்கா, உங்களுக்குக் காய்ச்சல் வந்திருக்கு."

"வரவே இல்லை டாக்டர்."

"உங்களுக்கே தெரியாம வந்திருக்கு." அவருக்கு வாயெல்லாம் பல். தடுப்பூசி மட்டம் என்று கடையைக் கட்ட இருந்தார்கள். "நம்ம ஊசி மேல தப்பே இல்லை. உங்களைக் கழிச்சதுதான் தப்பு. எப்போலேர்ந்துன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

புருஷனிடமிருந்து தொற்றியிருக்கும், வேறென்ன என்று முணுமுணுத்துக்கொண்டே, உறைபெட்டியிலிருந்து தன் ரத்தம் இருந்த பழைய குழாய்களை எடுத்தாள். தேதி எல்லாம் அவள் கையெழுத்துதான். அவருக்குக் காய்ச்சல் கண்டது ஏழாம் தேதி. சீட்டாடப் போனது நாலாம் தேதி. அதே மாதம் ஐந்தாம் தேதிக் குழாயிலேயே எதிர்ப்புச் சக்தி நிரம்பி வழிந்தது. அது ரத்தத்தில் தெரியவே பத்து நாளாவது ஆகும். இதை நூறு பேருக்கு விளக்கியவள் அவள். மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் அதே பதில்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "என்னங்க, அது சீட்டாட்டத்துல வந்ததில்லை. எனக்குத்தான் முதல்ல வந்திருக்கு. நான்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கேன்."

அவர் பேப்பரை மடித்தார். "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் சீட்டாடப் போனதுக்கு முந்தின வாரம் பால் தீஞ்சுதே. தெருமுனையிலேயே எனக்கு நாத்தம் தெரிஞ்சுது. ஓடி வந்தா, நீ அடுப்புக்கு ரெண்டடி தள்ளி நின்னு போன் பேசிட்டிருக்கே. ஒண்ணுமே தெரியலை உனக்கு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மூக்கு திரும்பி வந்துடுமா? என் ரத்தத்தை வெச்சுத்தான் எல்லாரையும் அளக்கறாங்கன்னு நீ சொல்லும்போது உன் முகம் அப்படி இருக்கும். அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஒரு முகத்தைக் கெடுக்க மனமில்லாததில், ஒரு தடுப்பூசியின் பெயர் இரண்டு வருஷம் கெட்டுக் கிடந்தது. பஞ்சக்காவுக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, அழுதாள். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியும் சொன்னாள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ஐநூறு பேர். அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். எப்படி இருக்கு என்று இன்றைக்குக் கேட்கவில்லை.

அவராகவே ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "சூடா இருக்கு."