இடம் பிடித்த மாப்பிள்ளை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், குடும்பத்தின் கடற்கரைப் பயணத்தை முன்னிட்டு, நிழலில் இடம் பிடிக்கும் மகத்தான பொறுப்பு மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவரும் அவரேதான்.

பஸ் ஜன்னலுக்குள் துண்டு எறிவதில் தொடங்கிய திறமை அது. பிறகு கல்யாணப் பந்தியில் முதல் வரிசை, ரயிலில் ஜன்னலோரம், ஆபீசில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி என்று வளர்ந்து, இப்போது கடல் கடந்தும் வந்திருந்தது.

மாமனாரும் மாமியாரும் வெளிநாட்டில் குடியேறிப் பல வருடமாகிறது. மாப்பிள்ளையும் மனைவியும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய நாளிலிருந்து ஓயாத மழை. கடைசி நாளில்தான் வெயில் முகம் காட்டியது; மறுநாள் விமானம். மாமனாருக்கு ஒரே ஆசை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலை தாண்ட வேண்டும். போனில் எப்போதும் அதே பேச்சு. அதற்கென்றே ஒரு அரைக்கால் சட்டை வாங்கி, இஸ்திரி போட்டு வைத்திருந்தார். வாலு என்று எல்லோரும் கூப்பிடும் பேத்தி, கட்டிலிலேயே அலை தாண்டிப் பழகி ஒரு பலகையை உடைத்திருந்தாள்.

மற்றவர்கள் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை பாயும் பையுமாக முன்னே ஓடினார். முதல் வரிசைக் குடையின் கீழ் வயதான தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் குடைகள் காலிதான். ஆனால் பின்வரிசையில் உட்காரவா ஒரு மனிதன் விமானம் ஏறி வருகிறான்? தனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில், மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருப்பதாகவும், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குமென்றும், கண் மூடுவதற்குள் கடலைக் கிட்டத்தில் பார்த்துவிட ஆசைப்படுவதாகவும் சொன்னார். அந்தக் கடைசி வரி தானாக வந்தது.

தம்பதி பதறிப்போய் எழுந்துகொண்டார்கள். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற நர்ஸ். பின்வரிசைக்குப் போனதோடு நிற்காமல், கடற்கரைக் காவலர்களிடம் சொல்லி, மணலில் உருளும் சக்கர நாற்காலி ஒன்றையும் வரவழைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாமனார் சாப்பாட்டுக் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாலுவோடு போட்டி போட்டு ஓடி வந்தார். மாப்பிள்ளை பாயைப் போட்டுவிட்டு ஓடினார். எதிரே பாய்ந்து மறித்து, விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னார்.

"எனக்கா ஆபரேஷன்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

மாமனார் கூடையை இறக்கினார். "பிள்ளை முன்னாடி நீங்க அசிங்கப்பட வேணாம் மாப்ளை," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இடது நெஞ்சைப் பிடித்தபடி போய் நாற்காலியில் சாய்ந்தார்.

நர்ஸ் அம்மாள் வந்து நாடி பார்த்தார். கால்மேல் போர்வை போர்த்தினார். இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை போர்வைக்குள் மறைந்தது.

மாமியார் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார். "ஒரு குடைக்கே ஆபரேஷன். முழு பீச்சும் வேணும்னா அவரைக் கொன்னுடுவீங்களா மாப்பிள்ளை?"

மனைவி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மாமியார் பேச்சே தேவலாம் என்றிருந்தது. ஊரிலேயே சிறந்த இடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, நேர் எதிரே விரிந்து கிடந்த கடலை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருதரம் எழுந்து பின்வரிசை வரை போனார். நர்ஸ் அம்மாள் நிமிர்ந்து பார்த்ததும், வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அம்மா கூப்பிட்டும் வாலு தண்ணீருக்குப் போகவில்லை. தாத்தா வந்தால்தான் போவாளாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்தபோது அப்பாவிடம் வந்து, காதோடு கேட்டாள்.

"தாத்தா செத்துப் போயிடுவாங்களாப்பா?"

மாப்பிள்ளை எழுந்து நேரே தம்பதியிடம் போனார். பொய்க்குச் சரளமாக வந்த பாஷை உண்மைக்கு வரவில்லை. திக்கித் திணறி, பாதியைக் கையால் சொல்லி முடித்தார்.

நர்ஸ் அம்மாள் கோபப்படவில்லை. உங்கள் மாமனார் கூடையோடு ஓடி வந்ததைக் காலையிலேயே பார்த்தோம் என்றார். நாடியும் குதிரை நாடியாம். நீங்களாக வந்து சொல்வீர்கள் என்றுதான் பேசாமல் இருந்தோம், மத்தியானத்துக்குள் வந்துவிடுவீர்கள் என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார் என்றார். பக்கத்திலிருந்த கிழவர் தலையைக் குனிந்துகொண்டார், தோற்றவர் அவர் என்பதுபோல.

மாப்பிள்ளைக்குக் காது மடல் எரிந்தது. திரும்பி ஓடினார்.

"எழுந்திரிங்க மாமா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

மாமனார் போர்வையை உதறினார். வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, அரைக்கால் சட்டையின் மடிப்புக் கலையாமல், கடலை நோக்கி ஓடினார்.

காவலர்கள் விசில் ஊதி, தண்ணீரிலிருந்த எல்லோரையும் கரையேறச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கடலில் இறங்கும் நேரம் முடிந்திருந்தது.